மல்தூசியன்: ஒரு பாதிரியாரின் குடும்பப் பெயர் திகன வரை வந்த கதை

ஆங்கிலப் பத்திரிகைகளின் கட்டுரைப் பக்கங்களை வாசிப்பவர்கள் 'மல்தூசியன்' என்ற சொல்லை எங்காவது சந்தித்திருப்பார்கள். மனிதர்கள் உணவை மிஞ்சிப் பெருகுவார்கள், பிறகு பஞ்சமும் நோயும் போரும் வந்து அந்தப் பெருக்கத்தை வெட்டிவிடும் என்ற எண்ணத்தைச் சார்ந்தது எதுவோ, அதற்கு அகராதிகள் கொடுக்கும் பெயரடை அது. உயர்தரத்தில் புவியியலோ பொருளியலோ படித்த பிள்ளைகளுக்கு 'மல்தஸின் குடித்தொகைக் கோட்பாடு' என்று அது அறிமுகம். பரீட்சை முடிந்ததும் பெரும்பாலானோர் அதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் கண்டி மாவட்டத்து முஸ்லிம்கள் இந்தச் சொல்லை மறக்கக் கூடாது என்பது எனது எண்ணம். 2018 மார்ச்சில் திகனவில் நமது கடைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தீ வைத்தவர்களில் ஒருவர்கூட மல்தஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். இருந்தும் அவர்களின் தலைக்குள் ஓடிய கணக்கு அவருடையது.

முதலில் பெயரைப் பார்ப்போம். மல்தஸ் என்பது இங்கிலாந்தின் பழைய குடும்பப் பெயர்களில் ஒன்று. 'மோல்ட் ஹவுஸ்' என்ற இரண்டு சொற்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து ஒன்றானது அது. மோல்ட் என்றால் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். நெஸ்டமோல்ட் குடிக்காமல் வளர்ந்த இலங்கைப் பிள்ளை அரிது. பார்லியை ஊறவைத்து, முளைவிடச் செய்து, காயவைத்து எடுப்பதுதான் மோல்ட். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது பெரும்பாலும் பியர் வடிக்கவே போனது. ஆக, அந்த வேலை நடந்த கட்டடத்தின் பக்கத்தில் குடியிருந்த அல்லது அங்கே வேலை செய்த ஒரு குடும்பத்துக்கு 'மோல்ட் வீட்டுக்காரர்' என்று ஊரார் வைத்த பெயர் பரம்பரைப் பெயராகிவிட்டது. நம்மவர்களிடம் 'கடைக்கார வீடு', 'தோப்பு வீடு' என்று வீட்டுப் பெயர் நிலைப்பது போலத்தான். தானியம் ஊறவைக்கும் வீட்டின் பெயரைச் சுமந்த ஒருவர் பிற்காலத்தில் உலகத்துக்கே தானியம் போதாது என்று எழுதினார் என்பது தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஒரு மனிதனின் பெயரைப் பெயரடையாக்கும் வழக்கம் நமக்கும் புதிதல்ல. அரபு மொழியில் பெயரின் இறுதியில் ஓர் 'ஈ' ஓசையைச் சேர்த்தால் போதும், 'அதைச் சார்ந்தவர்' என்ற பொருள் வந்துவிடும். நிஸ்பா என்பார்கள். இமாம் அபூ ஹனீஃபாவிலிருந்து ஹனஃபி. அப்துல் காதிர் ஜீலானியிலிருந்து காதிரி, அதிலிருந்து காதிரிய்யா. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பெயர் இன்னும் சுவாரஸ்யமானது. இமாமின் இயற்பெயர் முஹம்மத் இப்னு இத்ரீஸ். ஷாஃபிஃ என்ற முன்னோரின் வழிவந்தவர் என்பதால் அவரே ஷாஃபிஈ எனப்பட்டார். அவரது வழிமுறையும் அதே பெயரைப் பெற்றது. ஆங்கிலத்தில் இந்த வேலையை 'இயன்' என்ற விகுதி செய்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. நம் நிஸ்பாக்களைப் பெரும்பாலும் பின்பற்றுபவர்களே விரும்பிச் சூடிக்கொண்டார்கள். ஆங்கிலத்தின் இந்தப் பெயரடைகளில் பாதி எதிராளி வைத்த பெயர்கள். மக்கியவல்லியன் என்று தன்னைத்தானே அழைத்துக்கொண்ட அரசியல்வாதியை நான் கண்டதில்லை. மல்தூசியன் என்பதும் 1800களின் தொடக்கத்தில் புழங்கத் தொடங்கியபோதே பாதி விளக்கமாகவும் பாதி வசையாகவும் இருந்தது.

தோமஸ் ரொபர்ட் மல்தஸ் 1766இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, இங்கிலாந்துத் திருச்சபையில் பாதிரியாரானவர். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில், மனித சமூகம் பகுத்தறிவால் முன்னேறி வறுமையற்ற நிலையை அடையும் என்று கொட்வின், கொந்தோர்சே போன்றோர் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மறுப்பாக 1798இல் மல்தஸ் ஒரு சிறு நூலை வெளியிட்டார். முதற்பதிப்பில் தன் பெயரைக்கூடப் போடவில்லை. தடையில்லாமல் விட்டால் சனத்தொகை 25 ஆண்டுகளுக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும், அதாவது 1, 2, 4, 8, 16 என்று பெருக்கல் விருத்தியில் போகும். உணவோ 1, 2, 3, 4, 5 என்று கூட்டல் விருத்தியில்தான் கூடும் என்பது அதன் சாரம். அந்த 25 ஆண்டு என்ற அளவை அவர் எடுத்தது அமெரிக்காவிலிருந்து. பரந்த நிலமும் குறைந்த குடியேற்றக்காரர்களும் இருந்த ஒரு நாட்டின், ஒரு காலகட்டத்தின் வேகத்தை எடுத்து மனித இனத்தின் இயல்பு என்று நீட்டிவிட்டார். இந்த இடத்தை வாசகர்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சிறு காலத்தின் வேகத்தை எடுத்து, அது எப்போதும் இப்படியே போகும் என்று கோடு கீறுவது. திகனவுக்கு வரும்போது இதே கோட்டை மீண்டும் சந்திப்போம்.

அந்தக் கோடு சரியா என்று நம் நாட்டை வைத்தே பார்க்கலாம். 1881 குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் மொத்தச் சனத்தொகை ஏறத்தாழ 27 இலட்சத்து 60 ஆயிரம். மல்தஸ் சொன்னபடி 25 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டித்திருந்தால் 2006இல் நாம் 8 கோடி 83 இலட்சம் பேராக இருந்திருக்க வேண்டும். 2012இல் எண்ணியபோது இருந்தது 2 கோடி 3 இலட்சத்து 59 ஆயிரம். இத்தனைக்கும் உலகப் பாடநூல்களில் வேகமான சனத்தொகை வளர்ச்சிக்கு உதாரணமாகக் காட்டப்பட்ட நாடு நம்முடையது. மலேரியாவுக்கு எதிராக டிடிடி தெளித்த காலத்தில், 1946இல் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் ஒரே ஆண்டில் 14 அளவுக்கு இறங்கியது. பிறப்பு குறையவில்லை, ஆகவே சனம் பெருகியது. மல்தஸ் சரி என்று அன்று பலர் நினைத்தார்கள். பிறகு நடந்ததை அவரது கணக்கு எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் சாகாமல் வளர்ந்தார்கள், பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், திருமண வயது உயர்ந்தது, பிறப்புத் தானாகவே குறைந்தது. 1950களில் ஒரு பெண்ணுக்கு ஐந்துக்கு மேல் என்றிருந்த சராசரி 2016 ஆய்வில் 2.2 ஆகிவிட்டது. இதைச் செய்தது பஞ்சமோ போரோ அல்ல.

மல்தஸைப் பற்றி ஒரு வதந்தி உண்டு. 'மற்றவர்களைக் குறைவாகப் பெறச் சொன்னவர் தான் மட்டும் பதினொரு பெண்பிள்ளைகளைப் பெற்றார்' என்பது அது. நூல்களின் முன்னுரைகளில்கூட இது ஏறிவிட்டது. உண்மையில் அவருக்கு மூன்று பிள்ளைகள், அதில் ஒருவர் ஆண். பிள்ளைப் பெருக்கத்தைப் பற்றி எழுதியவரே பிள்ளைப் பெருக்க வதந்திக்கு இரையானார். 'அவர்கள் நிறையப் பெறுகிறார்கள்' என்ற பேச்சுக்கு ஆதாரம் யாருமே கேட்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அவரது கருத்து புத்தகத்தோடு நின்றிருந்தால் இவ்வளவு தூரம் பேசத் தேவையில்லை. 1805இல் கிழக்கிந்தியக் கம்பனி தனது எதிர்கால அதிகாரிகளைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய கல்லூரியில் மல்தஸ் பேராசிரியரானார். ஹெய்லிபரி என்ற இடத்தில் இருந்த அந்தக் கல்லூரியில் 1834இல் இறக்கும்வரை கற்பித்தார். இந்தியாவை ஆளப்போகும் இளைஞர்களின் ஒரு தலைமுறை அவரிடம் பொருளியல் படித்தது. அங்கு படித்தவர்களில் ஒருவர் சார்ள்ஸ் ட்ரெவெல்யன். 1840களின் அயர்லாந்துப் பஞ்சத்தில் சுமார் பத்து இலட்சம் பேர் இறந்தபோது நிவாரணத்துக்குப் பொறுப்பாக இலண்டனில் இருந்த அதிகாரி அவரே. கையை இறுக்கியவரும் அவரே. பின்னர் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராகவும் வந்தார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தின்போது வைசிராயாக இருந்த லிட்டன் பிரபுவும், இந்தியச் சனத்தொகை உணவைவிட வேகமாகப் பெருகும் தன்மையுடையது என்ற பொருளில் சட்டசபையிலேயே பேசினார். மக்கள் அதிகம், ஆகவே மக்கள் சாகிறார்கள் என்ற விளக்கம் ஆட்சியாளனுக்கு எவ்வளவு வசதியானது என்று யோசித்துப் பாருங்கள். தானியம் கப்பலேறிப் போனதைப் பற்றிப் பேசத் தேவையில்லை. வரி குறைக்காததைப் பற்றியும் பேசத் தேவையில்லை. அந்தப் பஞ்சத்திலிருந்து தப்பி ஓடிவந்த தமிழ்க் கூலிகள் மாத்தளை வழியாகக் கண்டி மலைகளில் ஏறினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் அயலவர்கள்.

இதற்கிடையே சொல்லின் பொருள் வேறொரு திசையில் திரும்பியது. 1877இல் இலண்டனில் சார்ள்ஸ் பிராட்லோவும் அன்னி பெசன்டும் கருத்தடை பற்றிய சிறு நூலொன்றை வெளியிட்டதற்காக வழக்கை எதிர்கொண்டார்கள். அதே ஆண்டில் மல்தூசியன் லீக் என்ற சங்கம் தோன்றியது. கருத்தடையைப் பரப்புவது அதன் நோக்கம். வேடிக்கை என்னவென்றால், மல்தஸ் கருத்தடையை வெறுத்தவர். அவர் சொன்ன வழி பிந்திய திருமணமும் அதுவரை கட்டுப்பாடும்தான். பெயருக்கு உரியவர் கல்லறையில் இருந்தார், மறுக்க ஆளில்லை. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மல்தூசியன் என்றால் ஆங்கிலத்தில் கருத்தடை என்பதற்கான நாகரிகச் சொல். ஒல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் எழுதிய நாவலில் பெண்கள் கருத்தடைச் சாதனங்கள் வைத்துக் கட்டும் இடுப்புப் பட்டிக்கே மல்தூசியன் என்ற அடைமொழி. பிரெஞ்சு மொழியிலோ வேண்டுமென்றே உற்பத்தியைக் குறைத்து விலையை ஏற்றும் முதலாளிக்கு அதே பெயர். டார்வினுக்கும் வொலஸுக்கும் இயற்கைத் தெரிவு என்ற எண்ணம் தோன்ற மல்தஸ் உதவினார் என்பது இன்னொரு கதை. அன்னி பெசன்ட் பின்னாளில் சென்னை அடையாறில் பிரம்மஞான சபையின் தலைவியானதும் வேறு கதை. இங்கே நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒரு குடும்பப் பெயர் பெயரடையானதும் அது தன் உரிமையாளரின் கையை விட்டுப் போய்விடுகிறது. யார் கைக்குப் போகிறதோ அவர்களின் அச்சத்தை அது சுமக்கிறது.

மல்தஸுக்கு முந்திய உலகம் இப்படி அஞ்சவில்லை. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்ல வேண்டாம் என்று அல்அன்ஆம், அல்இஸ்ரா ஆகிய இரு சூராக்களில் வரும் கட்டளை நமக்குத் தெரிந்தது. இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில், மக்கள் கூடினால் தொழில்கள் கூடும், தொழில்கள் கூடினால் செல்வம் கூடும் என்று வாதிட்டார். நம் கண்டியரசனும் அப்படித்தான் நினைத்தான். 1626இல் போர்த்துக்கீசர் கரையோர முஸ்லிம்களை விரட்டியபோது செனரத் மன்னன் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாக, போர்த்துக்கீசப் பாதிரியார் குவேரோஸின் வரலாற்று நூலை ஆதாரம் காட்டி ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அரசனுக்கு ஆள் என்றால் நெல், தவளம், படை. தலையை எண்ணி அவன் பயப்படவில்லை.

பயம் வந்தது காணி போன பிறகு. 1840இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த முடிக்குரிய காணிகள் சட்டம், பத்திரம் காட்ட முடியாத காடு, தரிசு, சேனை நிலங்களையெல்லாம் அரசின் சொத்தென்று அனுமானித்தது. கண்டியின் கிராமத்தானிடம் ஏது பத்திரம்? நிலம் ஏக்கர் ஐந்து ஷிலிங் விலையில் கோப்பித் தோட்டக்காரர்களுக்குப் போனது. கோப்பி அழிந்தபின் தேயிலை ஏறியது. தோட்டங்களுக்கு நடுவே கிராமங்கள் நசுங்கின. 1949இல் நியமிக்கப்பட்ட கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு 1951 அறிக்கையில் அந்த நெருக்கடியைப் பதிவு செய்தது. பிறகு மகாவலித் திட்டம். 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது அந்தப் பழைய கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டும். பார்க்கப் போகிறவர்கள் உண்டு. வயலும் கடையும் இழந்த சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோரும் மேட்டு நிலங்களில் புதிதாக ஒட்டிக்கொண்டார்கள். திகன, கெங்கல்ல, புதிய தெல்தெனிய எல்லாம் அப்படி நெருங்கிய ஊர்கள்.

நெருக்கடி உண்மையானது. இதை நாம் மறுக்கக் கூடாது. ஒரு பேர்ச் காணிக்கு இன்று கண்டியைச் சுற்றிக் கேட்கும் விலையைக் கேட்டால் சம்பளக்காரனுக்குத் தலை சுற்றும். ஆனால் நெருக்கடியின் காரணம் 1840 சட்டத்திலும் அணையின் நீர்மட்டத்திலும் இருக்கும்போது, பக்கத்து வீட்டின் தொட்டிலைக் காட்டுவது சுலபம். மல்தஸின் பழைய பயம் 'நாமெல்லோரும் அதிகமாகிவிட்டோம்' என்பது. இலங்கையில் அது 'அவர்கள் அதிகமாகிறார்கள்' என்று மாறியது. உணவு என்ற பக்கத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, பெருக்கல் விருத்தியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதையும் ஒரு சமூகத்துக்கு மட்டும் பொருத்தினார்கள்.

அம்பாறையில் 2018 பெப்ரவரி 26 இரவு நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பிட வந்தவர்கள் குழம்பில் கட்டி ஒன்றைக் கண்டு, இது 'வந்த பெத்தி', சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றார்கள். கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. கூட்டம் சூழ்ந்து நின்று கேட்டபோது தடுமாறிப் போட்டதாகச் சொன்ன காட்சி பேஸ்புக்கில் ஏறியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் பரிசோதித்துச் சொன்னது, அது மாவுக் கட்டி என்று. ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று உலகில் ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் விளக்கம் கொடுத்தது. ஆனால் அதற்குள் தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் முஸ்லிம் இளைஞர்களால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் தொடக்கத்தில் வைத்தியசாலையில் இறந்துவிட்டார். அது ஒரு குற்றம். குற்றவாளிகளைச் சட்டம் கவனிக்க வேண்டிய விடயம். அதை இனத்தின் குற்றமாக்குவதற்கு 'வந்த பெத்தி' ஏற்கனவே தரையைக் காயவைத்திருந்தது. திகனவிலிருந்து அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வரை நெருப்பு போனது. எரிந்த வீடொன்றிலிருந்து நமது இளைஞர் ஒருவரின் உடலை எடுத்தார்கள். மார்ச் 6 அவசரகால நிலை பிரகடனமானது, மறுநாள் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. தனது தளம் பயன்படுத்தப்பட்டதற்கு பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருடம் பிந்திய மன்னிப்பு.

ஓராண்டு கழித்து, ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு அதே கணக்கு குருநாகலில் வெள்ளை மேலங்கி போட்டு வந்தது. 2019 மே மாதம் வைத்தியர் ஷாஃபி ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்று ஒரு சிங்களப் பத்திரிகை முதற்பக்கத்தில் போட்டது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரமில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. அவர் பின்னர் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டார். ஆனால் இடையில் அவர் சிறையிலும் வீட்டிலும் இழந்த காலத்துக்குப் பெயரடை எதுவும் இல்லை. மாத்திரையோ கத்திரியோ, இரண்டு வதந்திகளும் ஒரே வாக்கியத்தின் இரு பாதிகள்: அவர்கள் பெருகுகிறார்கள், நம்மைக் குறைக்கிறார்கள்.

இப்போது எண்களைப் பார்ப்போம். நமது ஆட்கள் மேடையில் 'இது பொய்' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பொய் என்று சொன்னால் போதாது, எண்ணைச் சொல்ல வேண்டும். 1881இல் இலங்கைச் சோனகர் மொத்தச் சனத்தொகையில் 6.7 வீதம். நூறு ஆண்டு கழித்து 1981இல் 7.05 வீதம். ஒரு நூற்றாண்டில் அரை வீதம்கூடக் கூடவில்லை. 2012இல் 9.3 வீதம். இந்தக் கடைசி முப்பது ஆண்டின் உயர்வு உண்மை, மறைக்கத் தேவையில்லை. நமது பிறப்பு வீதம் மற்றச் சமூகங்களைவிடச் சற்று அதிகமாக இருந்தது ஒரு காரணம். யுத்தத்தால் தமிழர்கள் இலட்சக்கணக்கில் வெளிநாடு போனதும் மலையகத் தமிழர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதும் மற்றவர்கள் எல்லோரின் வீதத்தையும் உயர்த்தின என்பது இன்னொரு காரணம். சிங்களவரின் வீதமும் அப்படித்தான் கூடியது: 1881இல் 66.9, 1981இல் சுமார் 74, 2012இல் 74.9. குறைவதாகச் சொல்லப்படும் இனம் உண்மையில் கூடியிருக்கிறது. கண்டி மாவட்டத்தில் 2012இல் ஏழு பேரில் ஒருவர் முஸ்லிம்.

மல்தஸைப் போலவே நாமும் ஒரு கோடு கீறிப் பார்ப்போமே. 1981 முதல் 2012 வரையான அதே வேகம் மாறாமல் போனால், சோனகர் ஐம்பது வீதத்தைத் தொட ஏறத்தாழ 560 ஆண்டுகள் எடுக்கும். அந்த வேகமும் நிற்காது. பாட்டி எட்டுப் பெற்றார், உம்மா நான்கு, மகள் இரண்டு என்பது இன்று அக்குறணையிலும் மாவனல்லையிலும் சாதாரண வீட்டுக் கதை. பல்கலைக்கழகம் போகும் நமது பெண்பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தாலே மிச்சம் விளங்கும்.

இங்கே நம் பக்கத்துக் குறை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 'இன்ஷா அல்லாஹ் நாங்கள் பெருகிவிடுவோம், அப்போது பார்க்கலாம்' என்ற தோரணையில் மேடையிலும் முகநூலிலும் பேசுகிற சிலர் நம்மிடமும் இருக்கிறார்கள். கைதட்டலுக்குச் சொல்லும் பேச்சு. மறுபக்கத்துக்காரன் அதை வெட்டி, சிங்களத்தில் எழுத்துப் போட்டு, ஆயிரம் பேருக்கு அனுப்புகிறான். தலைகளை ஆயுதமாக எண்ணுவதில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டுமே அந்தப் பாதிரியாரின் பாதிக் கணக்கு. நமது பிள்ளைகளுக்குச் சோறும் கல்வியும் ஒழுக்கமும் கொடுக்க முடிகிறதா என்பது குடும்பத்துக்கு உள்ளே இருக்கும் கேள்வி. அது தேர்தல் கணக்கல்ல.

இன்னொரு பக்கம், நாட்டின் உண்மையான பிரச்சினை நேர்மாறாகத் திரும்பிவிட்டது. 2013இல் இலங்கையில் பதிவான பிறப்புகள் மூன்றரை இலட்சத்துக்கு மேல். 2023இல் இரண்டரை இலட்சத்துக்கும் குறைவு. பத்தே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகள் போதாத பாடசாலைகள், பிள்ளைகள் வெளிநாடு போனதும் தனித்திருக்கும் முதியவர்கள் என்று கண்டியின் கிராமங்களில் இனம் பார்க்காமல் தெரிகிறது. 2022இல் அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றோமே, அது வாய்கள் அதிகமானதால் வந்ததா? முந்திய ஆண்டு ஒரே உத்தரவில் இரசாயன உரத்தை நிறுத்தியதாலும் கையிருப்பில் டொலர் இல்லாமற் போனதாலும் வந்தது. பஞ்சத்துக்குச் சனத்தொகையைக் காரணம் காட்டுவது ஆட்சியாளனுக்கு வசதி என்று முன்னர் சொன்னேன். அந்த வருடம் அந்த வசதி கிடைக்கவில்லை. வரிசையில் எல்லா இனமும் ஒன்றாக நின்றதால்.

நமது பாடசாலைகளில் உயர்தரப் புவியியல், பொருளியல் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மல்தஸின் பாடம் வரும்போது கரும்பலகையில் அந்த இரண்டு விருத்திகளைக் கீறியதும் நிறுத்திவிட வேண்டாம். பக்கத்திலேயே 1881, 1946, 1981, 2012 குடிசன மதிப்பீடுகளின் இனவாரியான எண்களையும், 2024 மதிப்பீட்டின் எண்களையும் எழுதுங்கள். அவை அரசாங்கமே வெளியிட்டவை, தொகைமதிப்புத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் யாரும் எடுக்கலாம். வீதத்தைப் பிள்ளைகளே கணக்கிடட்டும். முடிந்தால் அதே அட்டவணையைச் சிங்களத்திலும் எழுதச் செய்யுங்கள். பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் அதே பாடத்தைப் படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்க ஒரு பிரதி வேண்டும்.